ரோமர் போட்ட வழியும் பீட் மண்ணும்: ஹெக்ஸமிலிருந்து ஹெக்ஸம் வரை ஐந்து நாள்

புறப்படும் முன்

வடக்கு இங்கிலாந்தில் ரோமர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்க மௌண்டன் பைக்கோடு வருகிறவர்கள் பலர் முதல் நாளே ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். சுவரை ஒட்டியே நெடும்பாதை ஒன்று போகிறது, அதில் ஏறி கிழக்கிலிருந்து மேற்கே ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று. அந்தப் பாதை ஏறக்குறைய முழுவதும் நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. அதன் புல்லுக்குச் சில அங்குலம் கீழேயே 1900 ஆண்டுப் பழைய கல் கிடக்கிறது. ஈரத்தில் ஒரு டயர் கீறும் தடம் மழைநீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. ஆகவே இந்த ஐந்து நாளும் சுவரைக் காலால் பார்ப்பது, சைக்கிளை அதற்கு உரிமையுள்ள வழியில் ஓட்டுவது என்றே திட்டம். அந்த வழிகள் மட்டமானவை அல்ல. ரோமர் போட்ட ஸ்டேன்கேட், மெய்டன் வே, பழைய ரயில் தடம், ஈயம் சுமந்த குதிரைப் பாதை எல்லாம் அதில் அடக்கம். மொத்தம் 160 கி.மீ. சொச்சம்.

சட்டம் எளிது. இங்கிலாந்தில் ஃபுட்பாத் என்பது நடக்க மட்டும். பிரைடில்வே என்னும் குதிரைப் பாதையில் சைக்கிளுக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டியது சைக்கிள்காரர்தான். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மூர் என்னும் மரமற்ற மேட்டுப் புதர்நிலங்களைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். அது காலுக்குத் திறந்தது, சக்கரத்துக்கு அல்ல. வழிகாட்டிக் கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடைபாதை, நீலம் இருந்தால் பிரைடில்வே. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் குட்டைப் பச்சைக் கோடுகள் நடைபாதை, நீளப் பச்சைக் கோடுகள் பிரைடில்வே. இந்தப் பயணத்துக்கு ஓஎல் 43, ஓஎல் 31 ஆகிய இரண்டு தாள்களும் பெரும்பகுதியைக் காட்டும். மலைமேல் போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது என்பதால் தாள் வரைபடத்தை மழையுறையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள்.

வண்டியைப் பொறுத்தவரை முன் சஸ்பென்ஷன் மட்டும் உள்ள ஹார்டெய்ல் போதும். டயர் 2.35 அங்குலம், டியூப்லெஸ், பக்கச்சுவர் தடித்த வகை. 70 கிலோ ஆளுக்கு முன்னே 21, பின்னே 24 பிஎஸ்ஐ சரியாக வரும். ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலண்ட் திரவம் சக்கரத்துக்கு 100 மி.லி. போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தால் உள்ளே காய்ந்திருக்கும். கிளம்புமுன் டயரைக் குலுக்கிப் பாருங்கள், சளசளவென்று கேட்க வேண்டும். பிளக், ஒரு டியூப், பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு கைத்துண்டு, செயின் குவிக்-லிங்க், கியர் மாற்றியைத் தாங்கும், உங்கள் ஃபிரேமுக்கே பொருந்தும் டெரெய்லர் ஹேங்கர் ஆகியவை கட்டாயம். நடுவழியில் சைக்கிள் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பிரேக் பேடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்கானிக் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் இங்கே உள்ள மணற்கல் துகளும் ஈரமும் சேர்ந்தால் அது அரைக்கும் பசையாகிவிடுகிறது. ஈரமான ஒரே நாளில் பேட் உலோகத் தகடுவரை தேய்ந்துபோவது அரிதல்ல. சின்டர்ட் உலோகப் பேட் போட்டு, இன்னொரு ஜோடியைப் பையில் வையுங்கள்.

காலம் மே முதல் செப்டம்பர் வரை. ஹெதர் என்னும் குறும்புதர் பூத்து மலை முழுக்க ஊதாவாவது ஆகஸ்டில். மார்ச்சிலிருந்து ஜூலை வரை உள்ளான் வகைப் பறவைகளும் காட்டுக்கோழிகளும் தரையிலேயே கூடு கட்டுகின்றன. தடத்தைவிட்டு ஒரு சக்கர அகலம்கூட விலகாமல் ஓட்ட வேண்டிய மாதங்கள் அவை.

முதல் நாள்: ஹெக்ஸம் முதல் விண்டோலண்டா, 30 கி.மீ.

நியூகாசில்–கார்லைல் ரயில் தடத்தில் ஹெக்ஸம் நிலையம். இறங்கியதும் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஹெக்ஸம் மடாலயத்தின் நிலவறைக்குள் போய்வாருங்கள். 674-இல் வில்ஃப்ரிட் ஆயர் எழுப்பியது. கீழே உள்ள சுவர்க்கல் எல்லாம் பக்கத்துக் கார்பிரிட்ஜ் ரோமானிய ஊரிலிருந்து பெயர்த்து வந்தவை. செதுக்கு வேலையும் எழுத்தும் அப்படியே தெரியும். இந்த வட்டாரத்தில் ரோமக் கல் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்: தேவாலயத்துக்கு, பண்ணை வீட்டுக்கு, மாட்டுக்கொட்டகைக்கு, சாலைக்கு.

சாலை என்றது பி 6318. வரைபடத்தில் அம்பு விட்டாற்போல நேராகத் தெரியும், ஆசை காட்டும். அதில் சைக்கிள் ஓட்டாதீர்கள். ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காக எழுந்த 1745 ஜேக்கபைட் கிளர்ச்சியின்போது நியூகாசிலிலிருந்து கார்லைலுக்குப் பீரங்கியை நகர்த்த வழியில்லாமல் போனதால், 1750-களில் போட்ட ராணுவச் சாலை அது. பல கி.மீ. தூரத்துக்கு ஹேட்ரியன் சுவரை இடித்து, அதன் அடித்தளத்தின் மேலேயே போட்டார்கள். மேடும் பள்ளமும் அடுத்தடுத்து வரும். பள்ளத்தில் இருக்கும் சைக்கிளை மேட்டின் மறுபுறம் வேகமாக வரும் கார் பார்க்க முடியாது.

அதற்குப் பதிலாகச் சிறு சாலைகளில் சாலர்ஃபோர்டு போய் செஸ்டர்ஸ் கோட்டையைப் பாருங்கள். குதிரைப்படை இருந்த இடம். வடக்கு டைன் ஆற்றங்கரையில் உள்ள குளியல்கூடத்தின் சுவர்கள் இன்னும் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. பிறகு தெற்கே திரும்பி ஃபோர்ஸ்டோன்ஸ், நியூப்ரோ. இங்கிருந்து தேசிய சைக்கிள் வழி 72-இன் பலகையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நியூப்ரோவைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். இது ஸ்டேன்கேட், சுவருக்கும் முந்தைய ரோமச் சாலை. கார்பிரிட்ஜையும் கார்லைலையும் இணைத்தது. ரோமப் பொறியாளர்கள் ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்குக் குறி வைத்து நேர்கோடு இழுத்தார்கள். நடக்கும் படைக்குச் செங்குத்து பெரிய தடையல்ல. பெடலுக்குத் தடைதான். முன்னே 32 பல், பின்னே 50 பல் இருந்தால் உட்கார்ந்தே ஏறலாம். அதற்குக் குறைந்தால் சில இடங்களில் இறங்கி உருட்ட வேண்டியிருக்கும்.

விண்டோலண்டாவுக்குப் பக்கத்தில் சாலையோரம் ஒரு கல் தூண். ரோமர் நட்ட மைல்கல், நட்ட இடத்திலேயே இன்னும் நிற்கிறது. வேகமாக இறங்கினால் கண்ணில் படாமல் போய்விடும்.

இரண்டாம் நாள்: விண்டோலண்டா, ஸ்டீல் ரிக், ஹால்ட்விசில், 22 கி.மீ.

தூரம் குறைவு, பார்ப்பதற்கு அதிகம். காலை முழுவதையும் விண்டோலண்டாவுக்கே கொடுங்கள். ஒரே இடத்தில் கோட்டை மேல் கோட்டையாகக் கட்டினார்கள். பழையதை இடித்து, களிமண்ணும் புல்தரையும் போட்டு மூடி, அதன் மேல் புதியது. காற்றுப் புகாத அந்த ஈர அடுக்குகளில் மரமும் தோலும் அழுகாமல் கிடந்தன. ஆயிரக்கணக்கான செருப்புகள் அப்படி எடுத்தவை. 1973-இல் ராபின் பர்லி கண்டெடுத்த மெல்லிய மரப்பலகைக் கடிதங்களும் அப்படித்தான். கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதியது அவற்றில் பெயர் பெற்றது. நமக்கு இன்னொரு பலகை நெருக்கமானது. படைவீரர்களின் கணக்குப் பட்டியல் ஒன்றில் மிளகு, இரண்டு தினாரி (ரோம வெள்ளிக்காசு) என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் கருமிளகு ரோமப் பேரரசுக்குள் போனது தென்னிந்தியாவின் மேற்குக் கரைத் துறைகளிலிருந்து. முசிறிப் பக்கம் கப்பலேறிய ஒரு கைப்பிடி, இந்தக் குளிர் மேட்டுக்கு வந்து ஒரு சாதாரணப் படைவீரனின் கஞ்சியில் விழுந்திருக்கிறது.

மதியம் ஒன்ஸ் புரூடு. அங்குள்ள தி சில் மையத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஸ்டீல் ரிக் வரை நடங்கள். விண் சில் என்ற கருங்கல் முகட்டின் விளிம்பில் சுவர் ஏறி இறங்கிப் போவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் சிக்கமோர் கேப். 2023 செப்டம்பரில் யாரோ இரவோடு இரவாக வெட்டிச் சாய்த்த பெயர் பெற்ற சிக்கமோர் மரம் அங்கேதான் நின்றது. அடுத்த ஆண்டே அடிமரத்தில் தளிர் விட்டது. தளிரைத் தொடாதீர்கள், வேலிக்கு வெளியே நில்லுங்கள்.

நடக்கும்போதும் ஒரு கவனம். ஒருவர் பின் ஒருவராக ஒரே தடத்தில் நடந்தால் புல் செத்து மண் தெரிய ஆரம்பிக்கும். பக்கம் பக்கமாகப் பரவி நடப்பது சுவருக்கு நல்லது.

பிறகு சைக்கிளை எடுத்து ஸ்டீல் ரிக்கைத் தாண்டி வடக்கே இறங்கும் சிறு சாலையில் கொஞ்சம் போய்வாருங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. தெற்கிலிருந்து பார்க்கும்போது சாதாரண மேடாகத் தெரிவது, வடக்கிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் செங்குத்துக் கரும்பாறை. ரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-இல் சுவருக்கு ஏன் இந்த முகட்டைத் தேர்ந்தான் என்பது அந்தப் பக்கம் நின்றால்தான் விளங்கும்.

வழியில் சாலைக்குக் குறுக்கே தரையில் பதித்து வரும் இரும்புக் கம்பித் தடுப்புகள் ஆடு மாடு தாண்டாமலிருக்கப் போட்டவை. ஈரத்தில் நேர் செங்குத்தாகக் கடக்க வேண்டும், அதன் மேல் பிரேக் தொடக் கூடாது, ஹேண்டிலைத் திருப்பவும் கூடாது. கதவுகளை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்: மூடியிருந்தால் மூடி, திறந்திருந்தால் திறந்து.

காஃபீல்ட்ஸில் பழைய கல்குவாரி, குட்டைநீர், அதன் மேல் 42-ஆம் மைல்கோட்டை, அதாவது ரோம மைலுக்கு ஒன்றாகச் சுவரோடு கட்டிய சிறு கோட்டைகளில் ஒன்று. குவாரிக்காரர்கள் முகட்டோடு சுவரையும் சேர்த்துத் தின்றுவிட்ட இடம் அது. அங்கிருந்து ஹால்ட்விசில் இறக்கம்தான்.

மூன்றாம் நாள்: ஹால்ட்விசில் முதல் ஆல்ஸ்டன், 21 கி.மீ.

இன்று கால் ஓய்வெடுக்கும் நாள். 1852-இல் திறந்து 1976-இல் மூடிய ரயில் கிளைத்தடம் இப்போது தெற்கு டைன் தடம். ரயில் ஏறிய சரிவு என்பதால் எங்கும் மூச்சு வாங்காது. தரை கெட்டியான சரளை. கவனிக்க வேண்டிய ஒரே இடம் லாம்லி பாலம். ஆற்றுக்கு மேலே 30 மீட்டருக்குக் கூடுதலான உயரத்தில் கல் வளைவுகள். பாலத்தின் முனையில் பழைய ஸ்டேஷன் வீடு தனியார் சொத்து என்பதால் தடம் அங்கே படிக்கட்டாக இறங்கி மரங்களுக்குள் சுற்றி வரும். சுமை கட்டிய வண்டியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. பையைக் கழற்றி இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள்.

ஸ்லாகிஃபோர்டு தாண்டினால் குறுகிய ரயில் பாதை ஒன்று ஆல்ஸ்டன் வரை கூடவே வரும். நடுவே வலப்பக்க மேட்டில் எபியாக்கம் கோட்டை. ஒரு கல்கூட வெளியே தெரியாது, புல் போர்த்த மேடும் பள்ளமும்தான். ஆனால் அடுக்கடுக்கான அகழிகள் அவ்வளவு தெளிவாக நிற்கும் ரோமக் கோட்டைகள் குறைவு. மற்றக் கோட்டைகள் செவ்வகம். இது நில அமைப்புக்கு ஏற்பச் சாய்ந்த சாய்சதுரம். சுற்றிலும் உள்ள ஈயச் சுரங்கங்களைக் காக்கவே இது எழுந்தது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. பண்ணை நிலம் அது. சைக்கிளைக் கீழே விட்டு நடந்து ஏறுங்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது போனால் அகழி நிழல் கோடு கோடாக விழும், அப்போதுதான் முழு வடிவமும் தெரியும்.

மெய்டன் வே இந்தக் கோட்டையை ஒட்டித்தான் போகிறது. நாளைய வழி அதுதான்.

ஆல்ஸ்டனில் இரவு பிரேக் பேடைப் பாருங்கள். தகட்டுக்கு மேல் 1 மி.மீ. கூட இல்லை என்றால் இப்போதே மாற்றுங்கள். பின் டயரில் 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள். காரணம் கீழே.

நான்காம் நாள்: கிராஸ் ஃபெல், பிணவழி, மெய்டன் வே, ஏறத்தாழ 45 கி.மீ.

மொத்த ஏற்றம் 1000 மீட்டரை ஒட்டி வரும். காலை எட்டுக்குள் கிளம்புங்கள். ஆறேழு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரம் மிகுந்திருந்தால் எட்டு.

ஆல்ஸ்டனிலிருந்து கேரிகில் சிற்றூர் வரை சாலை. அங்கே பிணவழி தொடங்குகிறது. மலைக்கு அப்பால் உள்ள கிர்க்லாண்ட் தேவாலயத்தில் அடக்கம் செய்ய, கேரிகில் மக்கள் சவப்பெட்டிகளைச் சுமந்து கடந்த பாதை. பிறகு சுரங்கக்காரர்கள் கழிவுக்கல் கொட்டி அதை அகலமாக்கினார்கள். அந்தக் கல்தான் டயருக்கு எமன். உடைத்த கல், ஓரங்கள் கத்தி மாதிரி. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். அந்த அளவுக் கிழிசலைச் சீலண்ட் அடைக்காது. கிழிந்தால் உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து டியூப் போட வேண்டும், வேறு வழியில்லை. கல்லுக்கு நடுவே ஊதா நிறத்தில் மினுங்குவது ஃபுளூர்ஸ்பார், ஈயத்தோடு சேர்ந்து கிடைக்கும் தாது.

தண்ணீர் மூன்று லிட்டர் இங்கிருந்தே சுமந்து போங்கள். ஓடைகள் நிறைய உண்டு, தெளிவாகவும் ஓடும். ஆனால் பழைய ஈயச் சுரங்கத்திலிருந்து வரும் நீரில் கரைந்திருக்கும் உலோகத்தைக் கொதிக்க வைப்பதும் சாதாரண வடிகட்டியும் நீக்காது.

11 கி.மீ. போல ஏறினால் கிரெக்ஸ் ஹட், ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில். பூட்டு இல்லாத கல் வீடு, பழைய சுரங்கக்காரர் குடில், இப்போது தன்னார்வலர் பராமரிப்பு. மேகம் கவிந்தால் உள்ளே உட்கார்ந்து காத்திருக்கலாம். மேலே தெரிவது கிராஸ் ஃபெல், 893 மீட்டர், பென்னைன் மலைகளில் உயர்ந்தது. உச்சிக்குப் போவது நடைபாதை. பிரைடில்வே உச்சியை விட்டு விலகித் தோளைச் சுற்றி மேற்கே போகும். நடைபாதைக் கற்குவியல்களைப் பின்பற்றி மேலே ஏறிவிடாமல், வரைபடத்தில் நீளக் கோடுகளைப் பாருங்கள்.

இந்தத் தோளில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் பெயர் சூட்டப்பட்ட ஒரே காற்று இங்கே அடிப்பது: ஹெல்ம் காற்று. வடகிழக்கிலிருந்து முகட்டைத் தாண்டி மேற்குச் சரிவில் கொட்டும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே முகட்டின் மேல் நீளமாக ஒரு மேகத் தொப்பி அசையாமல் நிற்கும், அதுதான் அடையாளம். இறங்கும்போது காற்று முதுகில் தள்ளுவதால் பிரச்சினை தெரியாது. மெய்டன் வேயில் திரும்பி ஏறும்போது அதே காற்று முகத்தில் அறையும், வண்டியைக் கையால் உருட்டக்கூட முடியாது. அந்த மேகம் தெரிந்தால் கேரிகிலுக்கே திரும்புங்கள். கிர்க்லாண்டில் இறங்கிய பிறகு காற்று எழுந்தால் சாலை வழியே லேங்வத்பி ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம், 10 கி.மீ.க்குள்தான்.

கிர்க்லாண்ட் இறக்கம் நீளமான புல்சரிவு. ஈரப் புல்லில் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பும். இரண்டையும் மெல்ல, விட்டு விட்டுப் பிடியுங்கள். ஊரில் கடை எதுவும் இல்லை, சாப்பாடு பையில் இருக்க வேண்டும்.

இனி மெய்டன் வே. ஈடன் பள்ளத்தாக்கின் கிர்க்பி தோர் கோட்டையிலிருந்து எபியாக்கம் வழியாகச் சுவருக்கு அருகே உள்ள மேக்னா கோட்டை வரை ரோமர் போட்ட மலைச்சாலை. கிர்க்லாண்டிலிருந்து மெல்மர்பி ஃபெல்லின் தோளுக்கு, 600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பாதி தூரம் தள்ள வேண்டியிருக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை.

மேலே போனால் தடம் மங்கிவிடும். இங்கேதான் ரோமரின் கட்டுமானத்தைத் தெரிந்து வைத்திருப்பது கைகொடுக்கிறது. அவர்கள் சாலையைத் தரைமட்டத்தில் போடவில்லை. இரண்டு பக்கமும் வடிகால் வெட்டி, அந்த மண்ணையும் கல்லையும் நடுவில் குவித்து, ஆமை முதுகு போல உயர்த்தினார்கள். வடிகால் தூர்ந்துபோனாலும் ஈரம் இன்னும் அங்கேதான் தேங்குகிறது. அதனால் கோரை அந்த இரண்டு வரிசையில் கரும்பச்சையாக, உயரமாக வளரும். நடுமுதுகில் நீர் வடிவதால் புல் குட்டையாக, வெளிறி இருக்கும். கொஞ்சம் பின்னால் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டு கரும்பச்சைக் கோட்டுக்கு நடுவே ஒரு வெளிர் பட்டை நேராக ஓடுவது தெரியும். அந்தப் பட்டையில் சக்கரம் நிற்கும். அதைவிட்டு இரண்டு மீட்டர் தள்ளினால் பீட், பாதி மக்கிய செடிகள் நீரில் ஊறிச் சேர்ந்த மெத்து மண். அதில் சக்கரம் அச்சு வரை இறங்கும்.

எல்லா இடத்திலும் இது உதவாது. சில இடங்களில் பீட் வளர்ந்து சாலையையே விழுங்கிவிட்டது, சில இடங்களில் ஓடை அரித்துப்போயிருக்கிறது. பளிச்சென்ற இளம்பச்சைப் பாசி மூடிய இடத்தை நம்பவே கூடாது. அதற்குக் கீழே நீர்தான். இறங்கி, வண்டியைத் தூக்கிக் கடந்து, மறுபக்கம் முதுகு மீண்டும் எழும் இடத்தைத் தேடுங்கள். சுற்றிப் போவதற்காகப் புதுத் தடம் போடாதீர்கள். பீட் ஆண்டுக்கு ஒரு மி.மீ. அளவில்தான் சேர்கிறது, சக்கரம் ஒரு நொடியில் கிழிப்பது ஆறப் பல தலைமுறை ஆகும்.

வடக்குச் சரிவில் ஓடைகளைக் கடந்து லெட்கேட் பக்கம் சாலை சேரும். அங்கிருந்து ஆல்ஸ்டன் அரை மணிக்குள்.

ஆபத்தில் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலைமீட்புக் குழு என்று கேட்க வேண்டும். குரல் அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போகும். அதற்கு முன்பே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டிலிருந்தே செய்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் நாள்: ஆல்ஸ்டன், நென்ட்ஹெட், ஆலன்ஹெட்ஸ், ஹெக்ஸம், 45 கி.மீ.

நென்ட்ஹெட் வரை சாலை ஏற்றம், அதற்கு மேல் பிளாக் ஹில், 609 மீட்டர். நேற்றைய களைப்போடு இது கடினம். ஏற்றத்தின் அடியிலேயே எதையாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஆலன்ஹெட்ஸில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம்.

அங்கிருந்து வடக்கே கேரியர்ஸ் வே. ஈயத்தாதுவைக் குதிரைமேல் ஏற்றி உருக்காலைக்குக் கொண்டுபோன வழி, ஹெக்ஸம்ஷயர் காமன் என்ற விரிந்த மூரைக் கடக்கிறது. இங்கே ஏமாற்றுவது பீட் அல்ல, நல்ல சாலை. காட்டுக்கோழி வேட்டைக்காக ஜீப் போக அகலமாகச் சரளைத் தடங்கள் போட்டிருக்கிறார்கள். அவை வேட்டைக் குழிகளோடு முடிந்துவிடும், சைக்கிளுக்கு உரிமையும் இருக்காது. உண்மையான பிரைடில்வே அதிலிருந்து பிரிந்து ஹெதருக்குள் ஒற்றைக் கோடாகப் போகும். ஒவ்வொரு பிரிவிலும் நின்று வரைபடம் பாருங்கள். ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை வேட்டைக் காலம். கொடியோ ஆட்களோ தெரிந்தால் நின்று, அவர்கள் கைகாட்டிய பின் செல்லுங்கள்.

ஹெக்ஸமுக்குள் இறங்குவதற்கு முன் ஓடையோரம் நின்று டயரில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிவிடுங்கள். மரநோய்க் கிருமிகள் மண்ணோடுதான் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகின்றன. வீட்டில் கழுவும்போது அழுத்தக் குழாயை அச்சுகளுக்கு நேரே பிடிக்காதீர்கள், கிரீஸை அடித்துவிட்டு நீர் உள்ளே போய்விடும். வாளியும் தூரிகையும் போதும்.

ஒரு ரயிலில் பொதுவாக இரண்டு சைக்கிள்தான் ஏற்றுவார்கள். நான்கு பேராக வந்திருந்தால் இருவர் இருவராக அடுத்தடுத்த ரயிலில் போகும்படி முன்னதாகவே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.